முதுகில்லாத கோட்டு

பதுளையில் பழைய படங்களைக் கண்காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று போன மாதம் போய்ப் பார்த்தேன். ‘யுத்த கால வீரர்கள்’ என்ற வரிசையில் மூன்று பேர். மூவர் மேலும் ஒரே காக்கிக் கோட்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் கோட்டுக்கு முதுகே கிடையாது. எந்த உடம்புக்கும் பொருந்தட்டும் என்று பின்பக்கத்தை நடுவே கிழித்து நாடா தைத்தவர் எங்கள் முதலாளி. முன்னால் நின்றால் பட்டாளத்துக்காரன். பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் முதுகும் நாலு முடிச்சும்தான்.

எழுபதுகளில் அவருடைய ஸ்டூடியோவில் எனக்கு டச்சிங் வேலை. படத்தில் விழும் அம்மைத் தழும்பை மறைப்பதும், சட்டைக் கிழிசலை ஒட்டவைப்பதுமாக என் பிழைப்பு ஓடியது. முதலாளி முஸ்லிம்; தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்பார்கள். அவர் வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், “அடடா, தோட்டத்துத் துரை தோத்தாரு போங்க” என்பார். தீபாவளி நேரத்தில் பூனாகலையிலிருந்தும் தெமோதரையிலிருந்தும் வரும் இளவட்டங்கள் அந்தக் கோட்டுக்காகக் காத்துக் கிடப்பார்கள். பெண் வீட்டுக்கு அந்தப் படம்தான் போகும். உண்மையைச் சொல்லிக்கொண்டு ஸ்டூடியோ நடத்த முடியாது என்பது அவர் கட்சி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக இலங்கையை விட்டு இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்களில் பூனாகலையில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். கணவர் இறந்துபோயிருந்தார். போகிற ஊரில் அவருக்கு ஒரு முகமும் தெரியாது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். நம்முடைய கோட்டுப் படம்.

“இதப் பெருசாக்கித் தாங்க நானா. எங்க வீட்டுக்காரரு பர்மா சண்டைக்குப் போனவரு. பட்டாளத்துக்காரங்க குடும்பத்துக்கு அங்க நெலம் குடுக்குறாங்களாம். ஆபீசருகிட்ட இதத்தான் காட்டப்போறேன்.”

முதலாளி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெரிதாக்கிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்க் கோட்டை எடுத்துவந்து அக்காவின் மடியில் வைத்தார்.

“தங்கச்சி, அவரு சண்டைக்குப் போகல. இதத்தான் போட்டுக்கிட்டு நின்னாரு.”

அக்கா கோட்டைத் திருப்பினார். நாடாக்களைத் தடவிப் பார்த்தார். “கால்ல குண்டு பாஞ்ச தழும்புன்னு காட்டுவாரே,” என்றார். பிறகு, “தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுறப்போ கத்தி பட்டதுன்னு அவங்கம்மா சொன்னாங்க. நான்தான் நம்பல. படுபாவி மனுசன்,” என்று சொல்லி அழுதார்.

அவர் முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் பொய் சொல்லும் மனிதருக்கு, செத்தவனைப் பற்றி இன்றுதானா உண்மை பேசத் தோன்ற வேண்டும்? கேட்டேவிட்டேன்.

“தெரியாத ஊருல ஆபீசருக்கு முன்னால தலைகுனியிறத விட, இங்க நம்மகிட்ட அழுதுட்டுப் போகட்டும்,” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அக்கா திரும்பி வந்தார். “பெருசாக்கியே தாங்க. ஆனா உடுப்ப மாத்தணும்.”

முதலாளிக்கு உயிர் வந்தது. “வெள்ளைச் சட்டையும் டையும் போட்டுரலாம் தங்கச்சி, ஜம்முனு இருப்பாரு.”

“வேணாங்க,” என்று அக்கா என் பக்கம் திரும்பினார். “கவ்வாத்துக்குக் கோடு போட்ட சட்டை ஒன்னு போடுவாரு. தோள்ல கிழிஞ்சத நான் தச்சிருப்பேன். அந்தத் தையலும் தெரியணும் தம்பி.”

மறைத்தே பழகிய கை. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு தையலை வரைந்தேன். அக்கா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் கோணல், இன்னும் கொஞ்சம் கோணல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மை காய்ந்ததும் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“நெலம் கெடைக்காட்டிப் போகுது நானா,” என்றார். “இவரோட போறேன்.”