கங்காதரனுக்கு ஒரு அன்ஃபிட்

ஆவடியில் ராணுவத்துக்குக் கூடாரம் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் மைதிலி பதினோரு வருஷமாக டாக்டர். சீக்கு லீவில் போனவர்களுக்கு அவர் ‘ஃபிட்’ என்று எழுதித் தந்தால்தான் மறுபடி உள்ளே விடுவார்கள்.

எல்லையில் சண்டை தொடங்கிய வாரம் சுற்றறிக்கை வந்தது. இனி லைட் டியூட்டி கிடையாது. ஒன்று ஃபிட், இல்லாவிட்டால் அன்ஃபிட். மைதிலி அதை மேஜையில் விட்டெறிந்தார். எதிரே தையல்காரர் கங்காதரன். மாரடைப்பு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

“ஃபிட்டுனு எழுதிக் குடுங்க டாக்டரம்மா.”

“எட்டு மணி நேரம் மிஷின்ல உக்காந்தா உயிர் போயிடும், புரியுதா?”

“எம் புள்ள எல்லையில கீறான். ஊட்ல டிவில சண்டைய பாத்துகினு இருந்தா அதுக்கு முன்னாடியே போயிடும்.”

அப்போது பார்த்து மேலதிகாரியின் போன்: “ஆள் பத்தல டாக்டர், அனுப்பிடுங்க.”

கங்காதரன் தைக்கிற கூடாரத்தில்தான் அவர் பையனும் படுப்பான். அது தெரியாதவரா மைதிலி? யாரைத் திட்டுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. பேப்பர் கிழிகிற மாதிரி ‘அன்ஃபிட்’ என்று எழுதினார். கீழே, ‘டிவி பார்க்கக் கூடாது.’

மறுநாள் காலை கங்காதரனின் மனைவி முத்தம்மாள் வந்து, டிவி ரிமோட்டை மேஜையில் வைத்தாள்.

“நீங்களே வச்சிக்கங்க டாக்டரம்மா.”

“வீட்ல படுத்திருக்காரா?”

“எங்க படுக்குறாரு? ஃபேக்டரி கேட்டாண்ட வெயில்ல நிக்கிறாரு. உள்ள போற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, ‘என் மிஷின்ல யாரு குந்திகினு கீறான்’னு கேக்குறாரு.”