சிவப்பு வைத்த அம்பு

எனக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஒரு பீஸ் கைக்கு வந்தால் அது நல்ல பீஸ் என்று நம்பிவிடக் கூடாது. எங்கே குற்றம் என்று தேட வேண்டும், கிடைக்காவிட்டால் போனால் போகிறது என்று விட வேண்டும். கிடைத்தால் அதன் தலையில் சிவப்புப் பெயிண்ட் வைத்துத் தனி டிரேயில் போடுவோம். பெயிண்ட் எதற்கென்றால், தனியாகப் போட்டது கால் முளைத்த மாதிரி நல்ல டிரேக்குத் திரும்பி வந்துவிடும். ஷிப்ட் முழுக்க இதையே செய்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஊர் திரும்பினால் புத்தி மட்டும் சும்மா இருக்குமா? பால்காரர் ஊற்றும் பாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். "ஒனக்கு ஒடம்பெல்லாம் சந்தேகம்டி" என்பார் என் கணவர்.

அவர் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டினார். இரண்டு பேரும் விருதுநகர்ப் பக்கம். உத்தனப்பள்ளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். வீட்டு ஓனர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ், மாட்டிடம் கன்னடம். நல்ல மனிதர்தான். ஆனாலும் முதல் ஆறு மாதம் அவரையும் நான் நம்பவில்லை.

அந்த ஊரில் விஜயதசமி அன்று சாமி பல்லக்கில் கிளம்பி ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டுக்குப் போகும். அங்கே சாமிக்காக அம்பு விடுவார்கள். நான்கு திசைக்கு நான்கு, ஆகாயத்துக்கு ஒன்று. விடும் உரிமை ஓனர் குடும்பத்துக்கு. அந்த வருஷம் அவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு கை காதுக்கு மேல் எழவில்லை. மகன் துபாயில். வீட்டு ஆளால் முடியாவிட்டால் அம்பைச் செதுக்கியவர் விடலாம் என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. என் கணவர் ஞாயிற்றுக்கிழமையானால் ஓனரின் பழைய மூங்கில் வில்லை எடுத்துக்கொண்டு அறுவடையான கேழ்வரகுக் காட்டில் சாக்குமூட்டையைக் குறிபார்த்துக் கொண்டிருப்பார். "நீயே செதுக்கி நீயே வுடுப்பா" என்று ஓனர் சொல்லிவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூர்க்காரனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்குமா என்று அன்றைக்கு ராத்திரி சாப்பாடுகூட இரண்டு கை கூடுதலாகத்தான் இறங்கியது.

ஓனரின் மச்சினருக்கு அது பொறுக்கவில்லை. பெங்களூரில் வேலை, சனிக்கிழமையானால் பைக்கில் வந்து இறங்குவார். தானிருக்க ஒரு குடக்கூலிக்காரன் விடுவதா என்று வாய் திறந்து அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது. வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற ஆளைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

அம்பின் வால் நுனியில் நாண் உட்காருகிற பிளவு இருக்குமே, அதற்கு இங்கிலீஷில் நாக் என்பார்கள். அம்பு செய்வதில் பாதி வேலை அங்கேதான். மச்சினர் பெங்களூரிலிருந்து ஒரு பாக்கெட் நிறையப் பிளாஸ்டிக் நாக் வாங்கி வந்தார். பென்சில் மூடி மாதிரி மஞ்சள் நிறத்தில் பளபளவென்று இருந்தன. கடையில் ரெடிமேட் கம்பும் கிடைக்கிறது, வாலில் இதை ஒட்டினால் வேலை முடிந்தது, செதுக்கவே வேண்டாம் என்றார். செதுக்க வேண்டாம் என்றால் செதுக்கியவர் என்று ஒருவர் இருக்க மாட்டார். அப்புறம் யார் விடுவார்? கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பிளாஸ்டிக் நாக் ஒன்றை எடுத்து நாணில் மாட்டினேன். டிக் என்று உட்கார்ந்தது. கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, பார்த்துக்கொண்டே இருந்தேன். பிளவுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் காதுகளில் ஒன்றின் அடியில் வெளுப்பாக ஒரு கோடு ஓடியது. விரலால் நெம்பினேன். காது கையோடு வந்துவிட்டது.

"ஒண்ணு போனா என்னாம்மா, பாக்கெட்ல இன்னும் நெறய இருக்குது" என்றார் மச்சினர்.

"வுடுற அன்னிக்கு எது ஒடையும்னு பாக்கெட்டுல எழுதியிருக்காங்களா?" என்றேன்.

ஓனர் குறுக்கே வந்து, "சாமிக்குப் பிளாஸ்டிக் வேணாம்பா, வுடு" என்று முடித்துவிட்டார். மச்சினர் பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

கம்பிலேயே பிளவு வெட்டி, அதற்குக் கீழே நூல் சுற்றிப் பசை பூசுவது என்று முடிவானது. வெளிநாட்டு மிஷின்கள் வந்து இறங்கும் பெட்டிகளின் பைன் பலகை பழைய மரக்கடையில் கிடைக்கும். இவர் அதில் முடிச்சில்லாததாகப் பொறுக்கி எடுத்து வந்து, சதுரமாக அறுத்து, உருட்டி இழைத்தார். இழைத்த கம்பின் நுனியைப் பார்த்தால் மரத்தின் ரேகை கோடுகோடாகத் தெரியும். பிளவு அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். கோட்டோடு கோடாக வெட்டிவிட்டால், நாண் கொடுக்கும் அடியில் ஆப்பு இறங்கிய விறகு மாதிரி அம்பு பிளந்துவிடும். பிளந்த சிம்பு எங்கே போகும்? வில்லைப் பிடித்திருக்கிற இடது கைக்குள்தான்.

எனக்கு அந்த இடது கைதான் கவலை. சாமி, ஊர், மரியாதை எல்லாம் அப்புறம். லேத்தில் கை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். கூட வேலை பார்த்தவர்கள் உள்ளே போகும்போது இவர்கள் எழுந்து கதவைத் திறப்பார்கள். அந்த நாற்காலியில் என் புருஷன் உட்காரக் கூடாது.

அதனால், உபரியாக ஒன்று சேர்த்து ஆறு அம்பும் தயாரானதும் என் கைக்கு வந்துதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஆயுதபூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் சோதித்தேன். நாணில் மாட்டி அம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் தொங்க வேண்டும், நாணை விரலால் தட்டினால் விழ வேண்டும். தட்டாமலே ஒன்று விழுந்தது, பிளவு தளர்ச்சி. இன்னொன்று ஒழுங்காகத் தொங்கியது, ஒழுங்காக விழுந்தது. ஆனால் நுனியில் பிளவு ரேகையோடு ரேகையாக ஓடியிருந்தது. நகப்பூச்சை எடுத்து இரண்டின் வாலிலும் சிவப்பு வைத்து, பரண்மேல் போட்டேன்.

இவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அது நல்லாத்தான இருக்கு?"

"நல்லால்ல."

"ஒரு நிமிசம் பாத்துட்டு நல்லால்லங்குற."

"பாக்குறவளுக்கு ஒரு நிமிசம் போதும். இன்னும் ஒண்ணு பண்ணுங்க."

"மிச்சக் கட்டை கெடக்கு, காலைல பண்ணிருவேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் எங்கள் கம்பெனியில் பூஜை. வருஷா வருஷம் எனக்கு அன்றைக்குத் தலைவலி. மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள் ஒரு வேகத்தில் அளவுக் கருவிகளின் வாயிலும் அப்பிவிடுவார்கள். அப்புறம் அது தப்பாக அளவு காட்டும், துடைத்துத் துடைத்து மாளாது. அந்தச் சண்டையை முடித்துப் பொரி பாக்கெட்டோடு மதியம் வீட்டுக்கு வந்தால், வாசலில் மரச்சுருள் கிடந்தது, அம்புகளைக் காணோம். "ஓனர் மச்சினர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு, அஞ்சும் சரியா இருக்கு" என்றார் இவர். ஓனர் வீட்டுச் சாமி அறையில் எட்டிப் பார்த்தேன். பித்தளைத் தாம்பாளத்தில் ஐந்து அம்புகள். அடி முதல் நுனி வரை மஞ்சள் பூசி, வாலுக்கு வால் குங்குமம் வைத்திருந்தது. பூசியது மச்சினர். கையெல்லாம் மஞ்சளாக நின்றுகொண்டு என்னைப் பார்த்து மறுபடியும் அதே சிரிப்பு.

விஜயதசமி அன்று சாயங்காலம் எல்லோரும் மேட்டுக்குப் போய்விட்டார்கள். நான் தலையில் பூ வைத்துக்கொண்டு கதவைப் பூட்டப் போனவள், எதற்கோ பரணைப் பார்த்தேன். தளர்ச்சியாக இருந்த அம்பு கிடந்தது. இன்னொன்று இல்லை.

தூக்கிவாரிப்போட்டது. பரண் முழுக்கத் தடவினேன். படுபாவி! அம்பு வாங்க வந்தவன் உள்ளே வந்து மாற்றிவிட்டான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. நான் வைத்த சிவப்பைக் கண்டுபிடிக்கலாம் என்றால், இப்போது ஐந்து வாலும் சிவப்பு. பூட்டாமல் ஓடினேன்.

மேட்டில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே ஒரு அம்பு போயாகிவிட்டது. இவர் இரண்டாவதை எடுத்து நாணில் வைக்கிறார்.

"ஏங்க, நிறுத்துங்க! வுடாதீங்க!"

மேளம் நின்றது. ஊரே திரும்பிப் பார்த்தது. நான் அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி, தாம்பாளத்தில் இருந்தவற்றையும் அள்ளிக்கொண்டேன். பூசாரி பதறினார். "சாமி காரியத்துல பொம்பள கை வெக்கறதா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். நான் முந்தானையால் ஒவ்வொரு வாலாக அழுத்தித் துடைத்தேன். முதலாவதில் ரேகை குறுக்கே. இரண்டாவதிலும் குறுக்கே. மூன்றாவதில் குங்குமம் போன பிறகும் நகப்பூச்சு மினுங்கியது, ரேகையும் பிளவும் ஒன்றாக ஓடின. பிளவில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துத் திருகினேன். சடக்கென்று நூலைத் தாண்டி ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துகொண்டது.

பிளந்த அம்பை மச்சினர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "எங்க வீட்டுப் பரண்லேர்ந்து இதை எடுத்து வெச்சது நீங்கதான? இவரு கையில சிம்பு ஏறணும்னுதான வெச்சீங்க?"

அவர் முதல் தடவையாகச் சிரிக்காமல் நின்றார்.

"அவரில்ல" என்றார் என் கணவர். பல்லக்கு, பூசாரி, அத்தனை ஜனம், எல்லோருக்கும் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு. "நாந்தான் வெச்சேன்."

ஓனர் வந்து என் கையிலிருந்த அம்பை வாங்கினார். பிளவை விரித்துப் பார்த்தார், இவருடைய இடது கையைப் பார்த்தார். பிறகு பூசாரியிடம், "மூணு இருக்குது, மூணு தெசைக்கு ஆச்சு. ஆகாசத்துக்கு இந்த வருசம் எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டுக்கலாம்" என்றார். மேளம் மறுபடி தொடங்கியது. மூன்றும் நேராகப் போயின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை, வில்லைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது மச்சினர் என் பக்கத்தில் வந்து, "எம்மேல எதுக்கும்மா?" என்றார்.

"நீங்க அப்படிச் சிரிச்சீங்கள்ல" என்றேன். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இருந்த சந்தேகத்தை இன்றுவரை முழுசாக வாபஸ் வாங்கவில்லை.

இவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். கேழ்வரகுக் காடு வந்ததும் நின்றார். "புதுசு பண்ணேன். வெட்டும்போதே கையில ஒடஞ்சிருச்சு. வேற கட்டையில்ல. அவரு வாசல்ல வந்து நிக்காரு." காலடியில் கிடந்த மண்கட்டியை மிதித்து உடைத்தார். "அதுவுமில்லாம, ஆறுல அதுதான் நான் ரொம்பப் பாத்துப் பாத்து எழச்சது. நீ செவப்பு வெச்சுத் தூக்கிப் போட்டுட்ட."

கம்பெனியில் தள்ளிப்போட்ட பீஸ் நல்ல டிரேக்கு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாதா? எதிராளி யாரும் வந்து வைப்பதில்லை. அதைச் செய்த ஆபரேட்டர்தான் வைப்பார், ஒவ்வொரு முறையும். தன் கையால் செய்தது சோடை போகாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்! பால்காரரை, ஓனரை, மச்சினரை என்று ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டேன், என் வீட்டு ஆபரேட்டர் மட்டும் என் கண்ணில் படவில்லை.

கோபத்தில் அழுகை வந்தது. "கையக் காட்டுங்க" என்றேன். இடது கையை நீட்டினார். மஞ்சள் ஒட்டியிருந்தது, வேறொன்றுமில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே சந்தேகம் வந்தா ஊரக் கூட்டாத. மொதல்ல எங்கிட்டக் கேளு" என்றார்.

"கேக்குறதென்ன? மொத ஆளா உங்க மேலதான் சந்தேகப்படுவேன்."

"சரி" என்றார். கையை உருவிக்கொள்ளவில்லை.