தெரேஸின் கையெழுத்து ஆறிய முப்பது நாள்

தலைமாட்டில் போன் அடிக்கிற சத்தம்தான் முதலில். கண்ணைத் திறப்பதெல்லாம் அப்புறம். பச்சை குத்துகிற தொழிலில் ஊசிச் சத்தம் ஒரு மணி நேரம், போன் சத்தம் ஒரு மாதம்.

ஓட்டல் வேலை, கம்பெனி ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காக சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைத் திறந்து நடுநிசி தாண்டி மூடுகிறேன். குத்துவது ராத்திரியில். ஆறுவது பகலில், அதாவது நான் தூங்கும்போது. நைட் டூட்டி நர்சுகளே, வாட்ச்மேன்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "அண்ணா, சிவந்திருக்கு." "அண்ணா, அரிக்குது." நாற்பது வயதுக்கு மேல் வீடியோ பார்த்து, வாழைப்பழத் தோலில் குத்திப் பழகினவன் நான். ஒவ்வொரு போனுக்கும் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இந்த வருஷம் மாசி மாதத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பாஸ்புக்கோடு வந்தவர்

லூயி அண்ணன் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கருவடிக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து, பேங்க் பாஸ்புக்கை நீட்டினார். அவர் மனைவி தெரேஸ் போன வருஷம் தவறிவிட்டார். பள்ளிக்கூடம் போகாதவர், எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான், அதுவும் லூயி அண்ணன் சொல்லிக்கொடுத்தது. பாஸ்புக்கில் இருக்கிற அந்தக் கையெழுத்தை அப்படியே தன் இடது முன்கையில் குத்த வேண்டும் என்றார்.

வயதானவர்கள் தோல் டிஷ்யூ பேப்பர் மாதிரி. அழுத்தினால் மை பரவிவிடும். லேசாகப் போட்டால் நிற்காமல் போகலாம். ஆரம்ப காலத்தில் ஒரு பெரியவருக்கு அழுத்திப் போட்டு, பேரன் பெயர் மை கொட்டினது போல ஊறிப்போனது. அந்த பயத்தில் இந்த முறை லேசாகத்தான் போட்டேன். பாஸ்புக் மேலேயே தாளை வைத்து அச்சு எடுத்து, கையில் ஒட்டி, கோடு விலகாமல் குத்தினேன். பிறகு வழக்கமான பாடம்: தினம் இரண்டு வேளை வாசனையில்லாத சோப்பு போட்டுக் கழுவணும், ஒற்றி எடுக்கணும், களிம்பு மெல்லிசாகத் தடவணும், சொறியக் கூடாது, வெயில் ஆகாது, ஊற வைக்கக் கூடாது. முகம் சுருங்கியிருந்ததால் வலித்ததா என்று கேட்டேன்.

"வலிக்கட்டும் தம்பி. நோவாம வாங்கினா அவ ஏத்துக்க மாட்டா."

மஞ்சள்

அதே வாரம் உழவர்கரையிலிருந்து ஒரு பெண். கணுக்காலில் சின்னப் பட்டாம்பூச்சி போட்டுப் போனவள், மூன்றாம் நாள் அம்மாவோடு வந்தாள். பட்டாம்பூச்சியைக் காணோம். கணுக்கால் முழுக்க மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது.

தண்ணீர் விட்டு மெதுவாகக் கரைத்து எடுக்க முக்கால் மணி நேரம். புண்ணில் எதையும் அரைத்துப் போடக் கூடாது, காய்ந்து இழுத்தால் மையும் சேர்ந்து வந்துவிடும் என்றேன். அந்த அம்மா இடுப்பில் கை வைத்தபடி கேட்டார்:

"அம்மை போட்டா நாங்கதான் வேப்பிலை அரைக்கிறோம். நீ எந்த ஆஸ்பத்திரியில படிச்ச?"

பட்டாம்பூச்சியை ஒற்றித் துடைத்து, களிம்பு தடவி அனுப்பினேன்.

செபமாலை டப்பா

ஏழாம் நாள் காலை போன் அடிக்கவில்லை. கதவு தட்டும் சத்தம். வீடு தேடிக்கொண்டு லூயி அண்ணன். முகத்தில் ரத்தமில்லை. சட்டைப் பையிலிருந்து செபமாலை வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே மாலை இல்லை. பஞ்சின் மேல் கறுப்புக் கறுப்பாகத் தோல் செதில்கள்.

"இது 'தெ'வோட கொம்பு. இது 'ஸ்' வால்னு நெனைக்கிறேன். படுக்கையில கிடந்துச்சு, பொறுக்கி வச்சேன். திருப்பி ஒட்ட முடியுமா?"

மேல்தோல் உரிவது வழக்கம், மை அடியில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கையை இழுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் சிவந்து சூடாக இருந்தது. தண்ணீர் பட்டால் பெயர் போய்விடும் என்று நாலு நாளாகக் கழுவவே இல்லையாம். குழாயடிக்கு அழைத்துப்போய் நானே கழுவினேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். அவரைத் தேற்ற நினைத்து, "எங்கயாவது மங்கிப் போனாலும் ஒரு மாசம் கழிச்சு அது மேல ஊசியால ஒரு ஓட்டு ஓட்டிடலாம்ணே" என்றும் சொல்லிவைத்தேன்.

அது அச்சு வைத்துச் செய்கிற வேலை இல்லை, கைப்போக்கில் செய்வது. மில்லில் அளவுக்கோலோடு வாழ்ந்தவருக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"முதல்ல போட்டது அவ கையெழுத்து. ரெண்டாந்தடவ போட்டா அது உன் கையெழுத்து."

கடலுக்கு வந்த முருகன்

மாசி மகத்துக்கு மறுநாள் ஒரு மீன்கடைத் தம்பி வந்தான். நெஞ்சில் வேலோடு முருகன். குத்தி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. தீர்த்தவாரிக் கூட்டத்தில் கடலில் இறங்கி மூன்று முறை முங்கியிருக்கிறான். உப்பும் மணலும் உள்ளே போய், மயிலின் தோகை வீங்கி உட்கார்ந்திருந்தது. சிவப்பைப் பார்த்து, கையோடு டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரைச் சீட்டோடு திரும்பி வந்தவனிடம் மூணு வாரம் கடல் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேனே என்று கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்:

"சுத்துப்பட்டு சாமியெல்லாம் கடலுக்கு வந்து குளிக்குது. என் சாமிய மட்டும் கரையில உக்கார வச்சா நல்லாவா இருக்கும்ணா?"

முப்பதாம் நாள்

லூயி அண்ணனிடமிருந்து போனே வரவில்லை. இத்தனை நாள் போன் அடித்தால் எரிச்சல்; இப்போது அடிக்காததால் தூக்கம் போனது. முப்பதாம் நாள் மதியம் எழுந்து கருவடிக்குப்பத்துக்கு வண்டியை விட்டேன்.

பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையை வெளிச்சத்தில் நீட்டச் சொன்னேன். வீக்கமில்லை, சிவப்பில்லை, பால் பூத்தது போன்ற மினுமினுப்பும் போய் நன்றாக ஆறியிருந்தது. 'தெ' நின்றிருந்தது. ஆனால் 'ரே' நடுவில் அரிசி அளவு கோடு விட்டுப்போயிருந்தது. லேசாகப் போட்ட இடம். நான் பயந்தது நடந்துவிட்டது, அதுவும் திருத்த அனுமதியில்லாத ஒருவர் கையில். "அண்ணே, மன்னிச்சுக்கணும், இந்த எடத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிக்கிறார்.

"பேங்க்ல ஒருக்காவும் அவ கையெழுத்து ஒத்துப்போனதில்ல தம்பி. இன்னாம்மா இது, போன தடவ வேற மாதிரி போட்டன்னு அந்த கிளார்க்கு கத்துவாரு. மூணு தடவ போட்டா மூணும் மூணு தினுசு. நீ குத்தினப்ப ரொம்ப சுத்தமா இருந்துச்சு, அதான் ஒரு மாசமா பயந்துகிட்டு கெடந்தேன். இப்பதான் அவ போட்ட மாதிரி இருக்கு."

சோப்புத் தண்ணியில் கையை விடலாமா என்று கேட்டார். இனி விடலாம் என்றேன்.

தோல் ஆற முப்பது நாள் போதும். குத்தினவனுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக ஆகும். லூயி அண்ணன் ஒரு மாத அழுக்குத் துணியை வாளியில் அமுக்கி, இரண்டு கையாலும் கும்ம ஆரம்பித்தார்.