இஞ்சின் வீட்டு ராஃபேலின் நீர்மூழ்கி

காலிப் பால்டின்னைத் தேநீர்க் கடைத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் ராஃபேல். டின்னின் தலையில் ஓர் ஆணித்துளை. அதை விரலால் அடைத்திருக்கிறார். விரலை எடுத்ததும் குமிழி விட்டு டின் மூழ்குகிறது. துளையை மறுபடி அடைத்து, அடியில் ரப்பர்க் குழாயை நுழைத்து ஊதுகிறார். டின் மேலே வருகிறது. “இம்புட்டுத்தான் சப்மரீன். காத்த விட்டா முங்கும், காத்த ஊதுனா மெதக்கும்” என்கிறார். கிளாஸ் கழுவும் தண்ணீர் அது. கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

மலாயாவில் கோலசிலாங்கூர் பக்கம் கடலோரத் தென்னந்தோட்டம் எங்களுடையது. நான் கணக்கெழுதும் கிராணி, ராஃபேல் இஞ்சின் வீட்டில் மின்சார இஞ்சின் ஓட்டுபவர். ஜப்பான்காரன் காலத்தில் பினாங்குத் துறையில் நீர்மூழ்கிகளின் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தவர். ஒருமுறை வெள்ளோட்டத்தில் அவரையும் உள்ளே வைத்தே கப்பலை முக்கிவிட்டார்கள். இரண்டு மணி நேரம். அதை எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்னும் கரையேறவில்லை.

மேலே மிதக்கும்போது டீசல் இஞ்சின், உள்ளே போனால் பேட்டரி மட்டும். அடுப்பு கிடையாது, சத்தம் கிடையாது, இருமல் வந்தால் துணிக்குள் இரும வேண்டும். இந்தச் சட்டத்தை ராஃபேல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தம் வீட்டிலும் நடத்துகிறார். இரவு ஊரடங்கு தொடங்கிவிட்டால் பாத்திரத்தைச் சத்தம் கேட்க வைக்கக்கூடாது. அவர் மனைவி ஃப்ளோராவிடம் விசாரித்தேன். “தண்ணிக்குள்ள இருக்கிறது அவரு மட்டுந்தாங்க. நான் லயத்துலதான் இருக்கேன்” என்றார்.

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளால் அவசரகாலம் வந்து லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. அவர்கள் சுட வந்தால் ஒளிந்துகொள்ள, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போன மாதம் ஒரு பதுங்கு அறையும் கட்டினார். கடலைத் தடுக்கும் மண்கரைக்குப் பக்கத்தில் பாதி தரைக்குள் புதைந்த சிமெண்ட் அறை, இரும்புக் கதவு. விளக்குக்கான பேட்டரிகளை மூலைப் பள்ளத்தில் வைத்தார்கள். பலகை போட்டு உயர்த்தி வைக்கச் சொன்னார் ராஃபேல். கடல் கரைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றார் துரை.

விதி ஒன்றே ஒன்று. வெளியே காவல் நிற்கும் இருசப்பன் மூன்று தட்டு தட்டும்வரை உள்ளிருந்து யாரும் தாழ்ப்பாளைத் தொடக்கூடாது. தொட்டவன் காட்டுக்காரர்களின் ஆள், நேரே லாக்கப். ஜப்பானியனிடம் வேலை செய்தவர் என்று ராஃபேலைப் போலீஸ் ஏற்கனவே இரண்டு முறை கூட்டிப்போய் விசாரித்திருக்கிறது. மூன்றாம் முறை போனால் திரும்புவது சந்தேகம்.

முதல் ஒத்திகை ஒரு திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. பௌர்ணமிக்கு மறுநாள், கடல் ஏற்றம் பெரிது. அறுபது பேர் உள்ளே அடைந்திருந்தோம். சற்று நேரத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி. திங்கட்கிழமைதோறும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சிவானந்தம் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவது வழக்கம். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தி இருமினார்கள். நான் டிரஸ்ஸரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ராஃபேல் மட்டும் மூலைக்குப் போனார். பள்ளத்து ஓரம் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இது டிரஸ்ஸர் பவுடர் இல்ல. உப்புத் தண்ணி பேட்டரியில ஏறி வெஷக் காத்து வருது. மூச்ச அடக்கிக்கிட்டு எல்லாரும் எந்திரிங்க.”

தாழ்ப்பாள் சத்தம் கேட்டு, திறந்தால் சுடுவேன் என்று கத்தினார் இருசப்பன்.

“சுடு. தெறந்தப்புறம் சுடு” என்று தாழ்ப்பாளை இழுத்தார் ராஃபேல்.

கதவு திறந்ததும் நெடியும் வெளியே போயிற்று. இருசப்பன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டுத் தாமும் இருமினார். அறுபது பேரும் கரைமேல் ஏறி விழுந்தோம்.

துரை ஓடிவந்து, எப்படித் தெரிந்தது என்று கேட்டார். பினாங்கில் ஒரு நீர்மூழ்கி உள்ளே இதே நெடியோடு வந்ததாம். ஆட்களைத் தூக்கிவர ராஃபேலை உள்ளே அனுப்பினார்களாம். “இருவத்திரண்டு பேரு, துரை. எல்லாம் தூங்குற மாதிரியே இருந்தாங்க” என்றார்.

எட்டு வருடத்தில் இதை மட்டும் அவர் கடையில் சொன்னதில்லை. அவ்வளவு காலமும் அவரைக் கேலி செய்து சிரித்த எனக்கு வெட்கமாக இருந்தது.

துரை இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ராஃபேல் கரைமேல் நடந்துபோனார். அங்கே இருமிக்கொண்டிருந்த ஃப்ளோராவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அத்தனை பேர் பார்க்க, நெடி ஒட்டியிருக்கிறதா என்று கூந்தலை முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு முறை முகர்ந்தார்.