சூனியக்காரியின் கண்

செங்கா பெட்ரி பயந்த சுபாவம் உள்ளவள். இன்வர்லாதி துறைமுகத்தில் அது ஊருக்கே தெரியும். காற்று கொஞ்சம் திசை மாறினால் போதும், கணவன் யூவன் போன படகு என்ன ஆனதோ என்று ஜன்னலை விட்டு நகரமாட்டாள். பள்ளிச் சமையலறையில் தினமும் இருநூறு பேருக்கு உருளைக்கிழங்கு மசிக்கிற கைகள், போலீஸ்காரர் தெருவில் திரும்பினாலே நடுங்கிவிடும்.

அப்படிப்பட்டவள் வருஷத்தில் ஒரே ஒரு மாலை ஊர்ப் பிள்ளைகளை நடுங்க வைப்பாள். பிள்ளைகள் பேய் வேஷம் போடுகிற ஹாலோவீன் அன்று சர்ச் கூடத்தில் அவள் வைக்கிற விளையாட்டுகளில் கடையில் வாங்கியது எதுவும் இருக்காது. துணி துவைக்கிற தொட்டியில் ஆப்பிள்கள் மிதக்கும். நாற்காலியில் மண்டியிட்டு, பல்லால் கவ்விய முள்கரண்டியைக் கீழே விட்டு ஒன்றைக் குத்தவேண்டும். கயிற்றில் பாகு சொட்டச் சொட்ட ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகள் தொங்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கடிக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் விளக்கை அணைத்துவிட்டு, சூனியக்காரியின் உடம்பு என்கிற ஆட்டம்.

"பயம் என் கைக்குள்ள இருக்கிற ஒரே நாள் இதுதான்" என்று நாத்தனார் நெட்டாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த வருஷம் பதினான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஜன்னல்களில் கம்பளி தொங்க, தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மூலையில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு ஒன்று மட்டும் கருகல் வாசனையோடு எரிந்தது. கதவோரம் சுவிட்ச் பக்கத்தில் நெட்டா. செங்கா குரலைத் தாழ்த்தி, மலைமேல் செத்துக் கிடந்த கிழவியின் கதையை ஆரம்பித்தாள். ஒவ்வொரு சாமானாக இருட்டில் கை மாறியது. கஞ்சி நிரப்பிய ரப்பர் கையுறை, கிழவியின் கை. ஆறிப்போன மக்கரோனி, குடல். தோலுரித்த இரண்டு திராட்சை, கண்கள். தொட்டவர்கள் அலறினார்கள், தொடாதவர்கள் அதற்கு முன்னாலேயே அலறினார்கள்.

கண் வைத்த தட்டு சுற்றி வந்தபோது செங்கா தடவிப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது.

"யாரு அவ கண்ணைத் தின்னது?" என்றாள் கரகரத்த குரலில். "தேடிக்கிட்டு வருவா, பாத்துக்கோங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே வெள்ளையாக ஒன்று எழுந்து நின்றது. பேய் வேஷத்துக்குப் போர்வை போர்த்தி வந்த ஏழு வயது மோர்வென். கைகளை விரித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடினாள்.

"பேய் நல்லா ஆடுது ஆன்ட்டி" என்றான் ஒருவன்.

செங்காவும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தப் போர்வைக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. சிரிப்பு இல்லை, இருமல் இல்லை, மூச்சுகூட இல்லை.

"நெட்டா, லைட்டைப் போடு."

விளக்கு வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆட்டம் இப்படித்தான் முடியும்: செங்கா பதறிப்போய் விளக்கு கேட்பாள், நெட்டா வேண்டுமென்றே போடமாட்டாள், பிள்ளைகள் கத்துவார்கள்.

"சுவிட்ச் கையில அகப்படலியே" என்று நெட்டா இழுத்துச் சொன்னாள், வழக்கம்போல.

"ஆட்டம் இல்லடி இது. நெஜமாத்தான் சொல்றேன், போடு."

அதையும் நடிப்பென்றே நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். செங்கா அவர்கள் கால்களை மிதித்துக்கொண்டு இருட்டில் பாய்ந்தாள். போர்வை கழுத்தில் ஊக்குப் போட்டு இறுக்கியிருந்தது. கிழித்தாள். கைக்குள் வந்த சின்ன உடம்பு திமிறியது, பிறகு திமிறுவதையும் விட்டுத் தளர்ந்தது. குழந்தையைத் தொடைமேல் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அறைக்கு விளக்கு எரிந்தது. மோர்வெனின் உதடு நீலம் பாரித்திருந்தது. நெட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாவது அறைக்குத் திராட்சை தெறித்துத் தரையில் உருண்டது. ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கிழிந்த துணிபோல ஒரு மூச்சு உள்ளே போய், அழுகையாக வெளியே வந்தது.

மீன் கொட்டகை வேலை முடிந்து மோர்வெனைக் கூட்டிப்போக அவள் அம்மா ரோனா வந்தபோது செங்கா தானே வாசலுக்குப் போனாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கண் காணாமல் போனதைத் தான் வேடிக்கையாக்கியதையும், அதில் போன நேரத்தையும் சேர்த்தே சொன்னாள்.

ரோனா குழந்தையின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எதுக்குடி வாயில போட்ட?"

"எல்லாரும் கண்ணு கண்ணுன்னாங்க. எனக்கு மட்டும் அது திராட்சைன்னு தெரிஞ்சுது" என்றாள் மோர்வென் கம்மிய குரலில். "தாத்தா ஆஸ்பத்திரியில இருந்தப்போ இதே மாதிரி தோலுரிச்சு ஒண்ணு குடுத்தாரு."

ரோனா மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். பல வாரம், செங்கா கண்ணை மூடினால் சத்தமில்லாத போர்வை ஒன்று எதிரே ஆடியது. பள்ளியில் பிள்ளைகள் சாப்பிடும்போது ஒவ்வொரு தொண்டையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மசித்த கிழங்கை இன்னொரு தரம் மசிப்பாள்.

"இனிமே இந்த வேலையே வேண்டாம்" என்று நெட்டாவிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த அக்டோபரில் பிள்ளைகள் விடவில்லை. சமையலறை ஜன்னலில் வந்து, எப்போது ஆன்ட்டி, எப்போது என்று நச்சரித்தார்கள். செங்கா மூன்று நாள் யோசித்தாள். பிறகு ஒரு பிஸ்கட் பெட்டியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாள். கண்ணுக்குத் திராட்சை இல்லை. முஷ்டி அளவு உரித்த உருளைக்கிழங்கு. எல்லா விளக்கும் எரியும். ஒருவர் பின் ஒருவராக வந்து பெட்டிக்குள் கை விடவேண்டும்.

இது சப்பென்று போகும் என்று நெட்டா சொன்னாள். போகவில்லை. கை விட்டவனின் முகம் கோணுவதை வெளிச்சத்தில் பார்த்து, வரிசையில் நின்ற மற்றவர்கள் இன்னும் அதிகமாக வெலவெலத்தார்கள். செங்கா பெட்டியைப் பார்க்கவே இல்லை, வாய்களை மட்டும் பார்த்தாள்.

ரோனா மகளோடு வந்திருந்தாள். கோட்டைக் கழற்றாமல் கடைசிவரை சுவரோரம் நின்றாள். எல்லோரும் போனபின் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, செங்காவோடு சேர்ந்து தண்ணீரைக் கொட்டினாள்.

"அடுத்த வருஷம் ஸ்கோனை நான் சுடறேன்" என்றாள் ரோனா. "உன்னோடது கல்லு மாதிரி இருக்கு."