ஓடாவிட்டாலும் கிடைக்கும் பட்டம்

பழப்பெட்டி வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மேலே தெரிவதைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் ஒரு வகை. கையை அடிவரை நுழைத்து, அங்கிருந்து ஒரு காயை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. என் அத்தா இரண்டாவது. கொடைக்கானல் பஜாரில் எங்களுக்குப் பழக்கடை. சீசனில் பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட். மற்ற மாதங்களில் மலைப்பூண்டு. தோட்டக்காரர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி, டீ வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே முழங்கைவரை பெட்டிக்குள் விட்டுவிடுவார். பிறகு கர்ச்சீப்பில் கையைத் துடைத்துக்கொள்வார். அடியில் அழுகல் இருந்தால் சண்டை போட மாட்டார், முகம்கூட மாறாது. விலையைக் குறைத்து அதே பெட்டியை வாங்குவார். மேல் அடுக்குகள் மதுரை லாரிக்கு, அடியில் கிடப்பது ஜாம் காய்ச்சுகிறவருக்கு. அழுகல் பெட்டியில் அவர் நஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் சேரப்போகும் பல்கலைக்கழகத்தை என்னோடு வந்து பார்த்தது இந்த மனிதர்தான். அதனால்தான் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். ஓடினவள் என்று எழுத வேண்டும், கை இன்னும் பழகவில்லை. ஏரியைச் சுற்றியிருக்கும் ரோட்டில்தான் ஓடிப் பழகினேன், விடியும் முன்னால், பனிமூட்டத்தில், குதிரைச் சாணியை விலக்கிக்கொண்டு. சீசன் நாட்களில் வேனில் வருகிறவர்கள் ஜன்னல் வழியே போனை நீட்டி வீடியோ எடுப்பார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு ஓடும் பெண், ஏரியில் போகும் படகைப்போல, அவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. பள்ளியில் வட்டமாக ஓட மைதானம் கிடையாது. மலையில் சமதளமாக ஓர் இடம் கிடைத்தால் அதில் ஹோட்டல் கட்டிவிடுவார்கள். ஆகவே அந்த நாட்களில் என் டைமிங் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கூட ஓடியவர்கள் எவ்வளவு பின்னால் வந்தார்கள் என்று வேண்டுமானால் சொல்வேன்.

சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். வயசுக்கு வந்த பிள்ளை ரோட்டில் ஓடலாமா என்று கல்யாண வீட்டில் வைத்தே கேட்டார்கள். அத்தா ஒரே பதிலைத்தான் சொன்னார். "அது ஓடுது, உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?" இதற்காகவே இன்றைக்கும் அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

பிளஸ் டூ படிக்கும்போது திண்டுக்கல்லில் நடந்த ஒரு போட்டியில் ஜெயித்தேன். வெள்ளை டி-ஷர்ட்டும் கழுத்தில் விசிலுமாக ஒருவர் வந்து பேசினார். மலை இறங்கியதும் அடிவாரத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம், அதன் விளையாட்டுத் துறை டைரக்டர் அவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்பு இலவசம், ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு இலவசம் என்றார். "வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இரவே என் போனுக்கு வீடியோ வந்தது. மேலேயிருந்து எடுத்தது. பச்சைப் புல், அதைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் டிராக். எங்கள் வீட்டில் மாடிப்படியின் மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கேயே உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஃபுல் பேண்ட்டு போட்டு ஓட விடுவாங்களா?" அத்தா எதுவும் கேட்கவில்லை. "நேர்ல போயிப் பாத்துருவோம்மா. வெள்ளனே கெளம்பு" என்றார்.

முதல் பஸ்ஸில் இறங்கினோம். வளைவுகளில் வழக்கம்போல எனக்குக் குமட்டியது, அத்தா எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். கேட்டிலேயே டைரக்டர் காத்திருந்தார். எங்களுக்காக ஒருவர் காத்திருப்பது அதுவரை நடக்காத காரியம். கோப்பை அலமாரியைக் காட்டினார், ஜிம்மைக் காட்டினார், பிறகு டிராக்குக்குக் கூட்டிப்போனார். நான் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் ரப்பர் வாசனை அடித்தது. காலை வைத்தால் தரை என்னைத் திருப்பித் தூக்கியது. அங்கிருந்து நிமிர்ந்தால் எங்கள் மலை நீலமாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே.

அந்தச் சமயத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி, "இதுல செருப்புப் போட்டு நடக்கலாமா சார்?" என்பதுதான்.

என்னவெல்லாம் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது கேளுங்கள், சொல்கிறேன். என் தூரத்துக்குப் பயிற்சி கொடுப்பவர் யார்? அவர் பயிற்சி கொடுத்து வளர்ந்த ஒரு பெண்ணை எனக்குக் காட்டுங்கள். போன வருடம், அதற்கு முந்தின வருடம் இங்கே ஓடியவர்கள் இப்போது எங்கே? ஒருத்திக்குக் கால் வலித்தால் யாரிடம் போவாள்? ஒரு சீசனில் எத்தனை போட்டிக்கு அனுப்புவீர்கள்? வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைக்குப் பின்னால் ஓர் ஆளின் பெயராவது இருக்கிறதா? இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பயிற்சியாளர் என்றால் விசில் போட்டிருப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பள்ளியில் கணக்கு சார்தான் விசிலும் ஊதுவார்.

"ஒரு ரன் பாத்துருவோமா?" என்றார் டைரக்டர். நான் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது அத்தா எழுந்தார். "நீ ஓடும்மா, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று மெஸ் பக்கம் நடந்தார்.

அன்றைக்கு ஓடியதுபோல் நான் என்றைக்குமே ஓடியதில்லை. மேடு இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே குதிரை இல்லை. கடைசிச் சுற்றில் காற்று தானாக உள்ளே வந்தது. முடித்ததும் டைரக்டர் வாட்சைக் காட்டி, கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அத்தாவைத் தேடினேன். அவர் அப்போதுதான் மெஸ்ஸுக்குப் பின்புறத்திலிருந்து, கர்ச்சீப்பில் கையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார். நான் ஓடியதை அவர் பார்க்கவே இல்லை.

வந்தவர் டைரக்டர் எதிரில் உட்கார்ந்து வரிசையாகக் கேட்டார். ரூமுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா? வார்டன் ராத்திரி அங்கேயே தங்குவாரா? நோன்பு மாசத்தில் விடியும் முன்னால் சஹருக்குச் சோறு கிடைக்குமா? எல்லாவற்றுக்கும் ஆமாம். கடைசியாகக் கேட்டார்.

"பிள்ளை நாளைக்கு ஓடலேன்னாலும் டிகிரி குடுத்துருவீங்கள்ல?"

எனக்கு மானம் போயிற்று. இப்போதுதான் ஓடி முடித்து வியர்வைகூட ஆறாமல் நிற்கிறேன், இவர் ஓடாவிட்டால் என்று கேட்கிறார். டைரக்டர் சிரித்தார். "சேந்துட்டா சேந்ததுதாங்க. படிப்ப நிப்பாட்ட மாட்டோம்." அத்தா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "எப்படித்தா இருக்கு?" என்று. "நல்லாத்தான் இருக்கு" என்றார். மலை ஏறும்வரை கண்ணை மூடியபடியே வந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. பயிற்சியாளர் என்று யாரும் கிடையாது. டைரக்டர் வாலிபால் ஆடினவர். காலையில் விசிலை ஊதி "ஓடுங்க" என்பார், திரும்ப ஊதி "போதும்" என்பார். இடையில் போனில் பேசுவார். அவர்களுக்கு வேண்டியது எங்கள் ஓட்டம் இல்லை, பேனரில் போட மெடல். எந்த ஊரில் எந்தப் போட்டி நடந்தாலும் வேனில் ஏற்றுவார்கள். காலையில் என் தூரம், மத்தியானம் ஐயாயிரம், சாயங்காலம் தொடர் ஓட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று அதிலும் நிறுத்துவார்கள். நான் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நேரம் குறையவில்லை. மலையிலிருந்து நான் கொண்டுவந்த மூச்சைச் செலவழித்தார்கள், புதிதாக ஒன்றும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

இரண்டாம் வருடம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி ஆரம்பித்தது. மெஸ்ஸில் ஐஸ் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். டவுன் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மெல்லிய விரிசல், ஓடவே கூடாது என்றார். டைரக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது ஒண்ணும் இல்ல, இந்த ஒரு மீட் மட்டும் முடிச்சிரு" என்றார். அந்தப் போட்டியின் கடைசி வளைவில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கம்பி வைத்தார்கள். நடக்கலாம், மாடி ஏறலாம், ஓட முடியாது.

படிப்பை நிறுத்தவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஓடுகிறவர்களின் மாடியிலிருந்து என்னை இறக்கி, மெஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். ஓட்டம் நின்றுபோன பெண்களுக்கென்றே அப்படி ஓர் அறை இருந்தது. மாடிப் பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது, போனால் மனசு கெடும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அங்கே கடைசி வருடம் படிக்கும் ஆடலூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். எண்ணூறு மீட்டர் ஓடினவள், முதல் வருடத்திலேயே முட்டி போனவள். என் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ கொடைக்கானல் பழக்கடை பாய் மகதான?"

ஆமாம் என்றேன்.

"நீ மொதமொதல்ல பாக்க வந்தன்னைக்கு, உங்கத்தா இந்தா இந்தப் படியில உக்காந்து எங்கிட்டப் பேசிட்டுப் போனாரு. கால்ல கட்டோட கெடந்தேன். இங்க கோச் கெடையாது, காலு போனாத் திரும்பிப் பாக்க மாட்டாய்ங்கன்னு எல்லாத்தையும் சொன்னேன். அப்புறமும் நீ வந்து சேந்த. சரி, தெரிஞ்சுதான் வந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்போது எனக்குக் கால் வலிக்கவே இல்லை.

லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் நேராகக் கடைக்குத்தான் போனேன், கக்கத்தில் கட்டையோடு. பிளம்ஸ் சீசன். அத்தா தரையில் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லுச்சு" என்றார். "கோச் இல்லைன்னுச்சு. காலு போச்சுன்னுச்சு. ஆனா சோறு போடுறாங்க, படிக்க விடுறாங்கன்னும் அந்தப் பிள்ளைதான் சொல்லுச்சு. அது போதும்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லத்தா."

"சொன்னா நீ சேந்திருக்க மாட்ட. எனக்கு உன்னைய வேற எங்கிட்டும் சேக்க வசதியில்ல." ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்து ஜாம் கூடையில் போட்டார். "ஓட்டம் எத்தன நாளைக்கும்மா?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. கையை அடிவரை விட்டுப் பார்த்தார், அழுகல் இருப்பது தெரிந்தது, அவருக்கு வேண்டிய அடுக்கு நன்றாக இருந்ததால் பெட்டியை வாங்கினார். ஆயுசுக்கும் அவர் செய்துவந்த வியாபாரம் அது. அடியில் கிடந்தது என் கால் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஏமாந்திருந்தால் அவரோடு சேர்ந்து அழுதிருப்பேன். தெரிந்தே வாங்கியவரோடு எப்படி அழுவது?

பட்டம் வாங்கினேன். இப்போது ஒரு ரிசார்ட்டில் கணக்குப் பார்க்கிறேன், சாயங்காலம் கடையில் நிற்பேன். "எம் பொண்ணு ஓடியே படிச்சது" என்று அத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் பொய் இல்லை. கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் பழத்தை எடை போடுவேன்.

சென்ற மாதம் கூக்கால் கிராமத்திலிருந்து எங்களுக்குப் பூண்டு போடுகிறவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளும் ஓடுகிறவள். அவளுக்கும் அதே டைரக்டர், அதே வீடியோ. "பாய், உங்க பொண்ணு அங்கதான படிச்சுச்சு? எப்படின்னு ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்னு வந்தோம்" என்றார்.

நான் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தேன். அவளை வெளியே நிறுத்திவிட்டு அவள் அப்பாவிடம் மட்டும் பேச எனக்கு இஷ்டமில்லை. அத்தா காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். விசில், வேன், ஐஸ், வளைவு, மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் அறை. பேண்ட்டை மேலே சுருட்டித் தழும்பையும் காட்டினேன். அந்தப் பெண் தழும்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன் இரண்டு கால்களையும் ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

அவள் அப்பா ஒன்று விடாமல் கேட்டார், பாவம் பாவம் என்று தலையை ஆட்டினார். பிறகு, என்னிடம் இல்லை, என் அத்தாவிடம் திரும்பினார்.

"ஏன் பாய், ஓடலேன்னாலும் டிகிரி குடுத்துர்றாங்கள்ல?"

அத்தாவின் கை பெட்டிக்குள் முழங்கைவரை இருந்தது. தலையைத் தூக்கவில்லை.

"அதெல்லாம் கரெக்டாக் குடுத்துருவாங்க" என்றார்.