உள்ளே அனுப்புகிறவர்கள்

காலையில் நான் போய்ச் சேரும்போது கிரெக் காதுகளைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு சமையலறையில் தயாராக நிற்பார். குழுவின் பேருந்து வரப்போகிறதாம். எந்தப் பேருந்தும் வராது. முன்பு இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பிப் போட்டிகளில் இந்த ஊர்க் குழுவுக்காக ஆடியவர் அவர். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு: பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, குனிந்து, எதிராளியின் தலைக்குப் பக்கத்தில் தலையைச் செருகி முட்டித் தள்ளுவார்கள். அதன் முன்வரிசை ஆள். காது கிழியாமலிருக்கத்தான் டேப். நசுங்கினாலும் காது பிழைத்துவிட்டது. உள்ளே இருந்ததுதான் போய்விட்டது. என்னைவிட இரண்டே வயது மூத்தவர், தேநீர்க் கோப்பையின் காதை எந்தப் பக்கம் பிடிப்பதென்று யோசிக்கிறார். பென்னாகரத்திலிருந்து இவரைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் எனக்கு அன்றாடம் முதல் வேலை, முடி பிடுங்காமல் அந்த டேப்பை உரிப்பது. உரிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அவர் மீதல்ல.

செப்டம்பரில் ரக்பிப் பருவம் தொடங்கியது. சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு டெரெக், பீர்ப் புட்டிகளோடு கிரெக் வீட்டுக் கூடத்துக்கு ஆட்டம் பார்க்க வந்துவிடுவார். மழை வந்தது, பனி வந்தது, புல் சேறானது, சேற்றில் பெரிய பெரிய உடம்புகள் வண்டிகளைப் போல மோதிக்கொண்டன. ஒருவன் கோல் கம்பத்துக்கு நேராகப் பந்தை வைத்து உதைக்கப் போனால் மொத்த மைதானமும் கோயில் கருவறை போல அடங்கிவிடும். அதுதான் மரியாதையாம். உதைக்கிறவனுக்கு அந்த மௌனம் உண்டு. விழுந்து கிடக்கிறவனுக்கு இல்லை. ஒரு ஜனவரி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு விழுந்த ஒருவனைச் சோதனைக்காக வெளியே கூட்டிப் போனார்கள். சற்று நேரத்தில் அவன் ஓடி வந்தான். டெரெக் எழுந்து நின்று கைதட்டினார்.

“ஏன் மறுபடியும் உள்ளே அனுப்புகிறார்கள்?” என்று கேட்டேன்.

எனக்கு விதி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார் மனிதர். மேசையிலிருந்த உப்பு ஜாடியையும் மிளகு ஜாடியையும் நகர்த்தி நகர்த்தி, யாருக்குப் பதில் யார் வரலாம், எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்று மிகுந்த பொறுமையோடு விளக்கினார். “பழகிக்கொள்வாய்” என்று முதுகில் தட்டினார். பக்கத்து நாற்காலியில் கிரெக் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. டிவியில் கூட்டம் இரைந்தபோதெல்லாம் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லா விதியும் தெரியும். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பொங்கல் கபடி, இறுதி ஆட்டம். என் அண்ணன் மாதப்பன் பாடிப் போனான். மடக்க வந்தவர்களில் ஒருவனுடைய முழங்கால் பொட்டில் இறங்கியது. கண் செருகிவிட்டது. ஓடிப்போய் கோலி சோடா உடைத்து முகத்தில் அடித்தவன் நான். கன்னத்தில் தட்டி, “எந்திரிண்ணா, ஒரே ஒரு பாயிண்ட்டுதான்” என்றவன் நான். எழுந்தான். நான் யாரென்று தெரியாதவன் போல என்னைப் பார்த்தான். அதைப் பார்த்தும், தோளைப் பிடித்துக் கோட்டுக்குள் தள்ளிவிட்டேன். ஊரே விசிலடித்தது. இரண்டாம் முறை விழுந்தவன் ஆறு நாள் கண் திறக்கவில்லை. கோப்பை எங்களுக்குத்தான். இன்றும் அண்ணனுக்கு வலிப்பு வருகிறது. சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறாள்.

அண்ணி முனியம்மா ஞாயிறுதோறும் போனில் பேசுவாள்.

“ஏன் தம்பி, அதுவும் நம்ம கபடியாட்டந்தானா?”

“பந்து ஒன்னு இருக்குது அண்ணி. மத்ததெல்லாம் அதேதான்.”

“பந்து எதுக்கு? உங்கண்ணனுக்குப் பந்தே இல்லாமத்தான மண்டை போச்சு.” சிரித்தாள். பிறகு சொன்னாள்: “பொங்கலுக்குக் கமிட்டிக்காரனுங்க வந்தானுங்க. மேடைல ஒக்கார வெச்சு துண்டு போத்தறாங்களாம். வெளக்குமாத்த எடுத்துட்டேன். வேட்டுச் சத்தம் கேட்டா இந்த மனுசன் கட்டிலுக்கடியில போயி பூந்துக்கறாரு. இவரப் போயி மேடைல ஏத்தறானுங்களாம், மேடைல!”

மே மாதம் கிரெக்குக்கும் அதே துண்டு வந்தது. பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம், இடைவேளையில் பழைய வீரருக்கு மரியாதை. அவர் மனைவி ஹெலன் கடிதத்தை மூன்று முறை படித்தார். “அடுத்த வருடம் அவருக்கு இதுகூடப் புரியாது” என்றார். கூட ஒரு படிவம்: அழைத்துவரத் தகுந்த நிலையில் இருக்கிறாரா, கவனிப்பாளர் கையொப்பமிட வேண்டும். அண்ணியிடம் சொன்னேன்.

“கூட்டிக்கினு போவாத தம்பி. அந்தம்மா ஆசப்படுது, செரி. ஆனா நீ பாத்தவன். ஒனக்குத் தெரியுமில்ல?”

தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். ஹெலன் முகத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், விசா இந்த வேலையோடு கட்டியிருக்கிறது என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஊரில் இருப்பவர்களே, இங்கே என்னைப் போல வந்து சேர்ந்தவர்களே, உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: அந்தக் கைதட்டலைப் பக்கத்தில் நின்று கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது. வெள்ளைக்காரன் விளையாட்டு, வெள்ளைக்காரன் கொடூரம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத என் கைதான் தெரிகிறது.

இடைவேளையில் ஹெலன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக அவரைப் புல்லுக்குக் கூட்டிப் போனோம். ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது. நான்கு பக்கமும் எழுந்து நின்று இரைந்தது. கிரெக் திடீரென எங்கள் கைகளை உதறிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார், குனிந்தார், முதுகை நேராக்கி, எதிரில் இல்லாத எட்டுப் பேருக்காகத் தோளைக் கொடுத்தார். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது, இன்னும் பலமாகத் தட்டியது. “எழுந்திருங்கள்!” என்று ஹெலன் கத்தினார், “யாராவது அவர்களை நிறுத்தச் சொல்லுங்கள்!” யார் காதிலும் விழவில்லை.

நான் ஓடினேன். எழுப்பக் குனிந்தவனை அவர் பிடித்துக்கொண்டார். ஒரு கை என் சட்டையை முறுக்கிற்று, தலை என் கழுத்துக்குப் பக்கத்தில் வந்து செருகிற்று. பன்றி போல மூச்சுவிட்டார். அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் போய்விட்டது. “போதும்ணா, வா, வூட்டுக்குப் போயிரலாம்” என்றேன் அந்த நசுங்கிய காதில். அவர் தள்ளினார். அவருக்குப் பின்னால் ஒரு ஊர் தட்டிக்கொண்டிருந்தது, எனக்குப் பின்னால் இன்னொரு ஊர் விசிலடித்துக்கொண்டிருந்தது. எதிர்த்துத் தள்ளவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல், ஈரப் புல்லில் குதிகாலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.